7. பொதுக் கட்டடத்தில் சோலார்: டெண்டருக்கு முன்னும் பின்னும்

ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர், பேரூராட்சிச் செயல் அலுவலர், நகராட்சி உதவிப் பொறியாளர் ஆகியோருக்காக எழுதிய அத்தியாயம் இது. மன்றக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் வார்டு உறுப்பினருக்கும் பயன்படும். பேனலுக்குள் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்ற விளக்கம் இங்கே இல்லை. பள்ளி, அலுவலகம், சமுதாயக் கூடம், சுகாதார நிலையம் போன்ற கட்டடங்களின் மொட்டை மாடியில் சோலார் வைக்க முடிவெடுத்தால் எதை எந்த வரிசையில் செய்வது என்பது மட்டும்தான்.

எஸ்டிமேட்டில் நாம் கிலோவாட் எழுதுகிறோம். கரண்ட் பில்லில் குறைய வேண்டியதோ யூனிட். டெண்டரில் யூனிட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால், பேனலை ஏற்றி போட்டோ எடுத்து பில் போட்டதோடு ஒப்பந்ததாரரின் கவலை தீர்ந்துவிடும். பல அலுவலக மாடிகளில் காக்கை எச்சத்தோடு செயலிழந்து கிடக்கும் பேனல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. மின் வாரியத்துக்கு விற்ற யூனிட் பணத்திலிருந்து கடன் அடைய வேண்டியிருந்ததால், யூனிட்டை மறக்க அங்கே வழியே இல்லை. மானியப் பணத்தில் செய்யும்போதும் அதே கண்டிப்பு வேண்டும்.

படி 1: பில்லை எடுங்கள்

கடைசி ஆறு பில்களை, அதாவது ஓராண்டுக் கணக்கை, ஒவ்வொரு மின் இணைப்புக்கும் தனியாக எடுத்து வையுங்கள். பில்லில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யூனிட், கட்டண வகை, அனுமதிக்கப்பட்ட லோடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேரூராட்சி அலுவலகம் இரண்டு மாதத்துக்கு 1,440 யூனிட் செலவழிக்கிறது என்றால், நாளொன்றுக்கு 24 யூனிட். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். அப்படியானால் 6 கிலோவாட் வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டிக் கிடக்கும்; இரவில் எரியும் வாசல் விளக்கும் இந்த 24-க்குள் அடக்கம். மீந்து ஈபிக்குப் போகும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை நாம் வாங்கும் விலையைவிடக் குறைவாக இருந்தால், 5 கிலோவாட்டே லாபம். பள்ளிக்கு இது இன்னும் முக்கியம். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளி விடுமுறை.

உள்ளாட்சிகளின் பில்லில் பெரிய தொகை குடிநீர் மோட்டாரும் தெருவிளக்குமாகத்தான் இருக்கும். தெருவிளக்கு இரவில் எரிவது. அலுவலகக் கூரையில் பேனல் வைத்தால் அந்தப் பில் தானாகக் குறையாது. மோட்டார் பகலில் ஓடினால், அதே இணைப்பில் பம்ப் ரூம் கூரையிலோ பக்கத்து நிலத்திலோ சோலார் வைப்பது நல்ல கணக்கு. பெயர்ப் பலகைக்கு அழகான கட்டடத்தை விட்டுவிட்டுப் பில் அதிகமான கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: மாடிக்கு ஏறிப் பாருங்கள்

1. 1 கிலோவாட்டுக்கு நிழலில்லாத 100 சதுர அடி வேண்டும். நடந்து போய்த் துடைக்க வழி விட வேண்டும் என்பதால், மொத்த மாடியில் பாதிதான் பயன்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. காலை 9, நண்பகல், மாலை 3 ஆகிய மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்துத் தென்னை மூன்றும் வழக்கமான எதிரிகள். பேனல் தெற்கு பார்த்திருப்பதால் வடக்கே தொட்டி இருந்தால் பரவாயில்லை என்பார்கள். நம் ஊரில் சித்திரை முதல் ஆவணி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால், வடக்கிலும் சற்று இடம் விட வேண்டும்.

3. ஓடு, சிமென்ட் ஷீட் போட்ட கூரைகளையும் கம்பி தெரியும் அளவுக்குக் காரை பெயர்ந்த ஆர்.சி. கூரைகளையும் விட்டுவிடுங்கள். பேனல் 25 ஆண்டு இருக்கும். கட்டடம் அதுவரை நிற்குமா என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். இடிக்கும் பட்டியலில் உள்ள பள்ளிக் கட்டடத்தின் மேல் சோலார் வைத்துவிட்டுத் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது.

4. தட்டோட்டைத் துளைத்து ஆணி அடிக்க விடாதீர்கள். கான்கிரீட் கட்டைகளை மேலே வைத்து அதில் தாங்கி பொருத்துவதே சரி. துளைத்தால் முதல் ஐப்பசி மழையிலேயே வகுப்பறைக்குள் ஒழுகும். அப்போது சோலார்காரர் கட்டடக்காரரைக் கைகாட்டுவார், கட்டடக்காரர் சோலார்காரரை.

படி 3: ஈபியில் எழுத்தில் கேளுங்கள்

டெண்டர் எழுதுவதற்கு முன்பே பிரிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: இந்த இணைப்பின் கட்டண வகைக்கு எந்த மீட்டர் ஏற்பாடு கிடைக்கும்? மீந்த யூனிட்டுக்கு என்ன வீதம்? நெட்வொர்க் கட்டணம் உண்டா? எத்தனை கிலோவாட் வரை அனுமதி? பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த ஏற்பாடு உங்கள் அலுவலகத்துக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கும் மற்ற இணைப்புகளுக்கும் விதி வேறு. பழைய பாக்கி இருந்தால் இப்போதே தீர்த்துவிடுங்கள். அதேபோல் மின் ஆய்வாளரின் சான்று எந்த அளவுக்கு மேல் தேவை என்பதையும் கேட்டு, அதை வாங்கித் தரும் பொறுப்பை ஒப்பந்ததாரர் தலையில் எழுதிவிடுங்கள்.

இரண்டு தவறான நம்பிக்கைகளை இந்தக் கட்டத்திலேயே மன்றத்தில் சொல்லித் தீர்த்துவிடுவது நல்லது.

முதலாவது, 78,000 ரூபாய் மானியம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு அந்தத் தொகை கிடைப்பது வீடுகளுக்கு மட்டும். அலுவலகத்துக்குக் கிடைக்காது.

இரண்டாவது, 'கரண்ட் போனாலும் நமக்கு லைட் எரியும்' என்பது. ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண சோலார், லைன் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைக் காப்பாற்ற அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தடுப்பூசிக் குளிர்பெட்டி உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற இடங்களில் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் தேவைப்படலாம். மற்ற இடங்களில் பேட்டரி வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் கெடுவது அதுதான். மாற்ற வேண்டிய ஆண்டில் அதற்கு நிதியும் இருக்காது.

படி 4: சொந்தச் செலவா, ரெஸ்கோவா

ரெஸ்கோ முறையில் நிறுவனமே முதலீடு போட்டு உங்கள் கூரையில் சோலார் அமைக்கும். வரும் யூனிட்டை 25 ஆண்டு வரை ஒப்பந்த விலைக்கு நீங்கள் வாங்க வேண்டும். பல கட்டடங்களைச் சேர்த்துக் கொடுக்கும் மாநகராட்சிக்கும் பெரிய நகராட்சிக்கும் இது பொருந்தும். 3 கிலோவாட் ஊராட்சி அலுவலகத்துக்கு எந்த நிறுவனமும் வராது. ரெஸ்கோவுக்குப் போவதானால் கட்டடத்தை இடிக்க நேர்ந்தால் என்ன, மேல்தளம் கட்ட நேர்ந்தால் என்ன என்று இரண்டு ஷரத்துகளை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிறிய ஊராட்சிகளுக்கு ஒரு யோசனை: ஒன்றியத்தில் பத்து ஊராட்சிகள் சேர்ந்து, வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக ஒரே டெண்டராக விடுங்கள். விலை குறைவதைவிடப் பெரிய லாபம் பராமரிப்பில் கிடைக்கும். பத்து இடம் அருகருகே இருந்தால்தான் ஒப்பந்ததாரர் ஆள் அனுப்புவார்.

படி 5: தீர்மானம், எஸ்டிமேட், அனுமதி

வழக்கமான வரிசைதான்: தீர்மானம், எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் தனி அலுவலர் இருக்கும் காலத்திலும் வரிசை மாறாது. கிராம சபையில் ஒருமுறை வைத்துவிடுங்கள்; எந்தக் கட்டடம், ஏன் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பராமரிப்புச் செலவையும் எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போடுங்கள். பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

படி 6: டெண்டர் ஆவணம்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலும் மார்ச் மாதக் கடைசியில், வேறு ஊரின் பழைய ஆவணத்தில் பெயரை மட்டும் மாற்றி முடித்துவிடுகிறார்கள். 'டான்ஜெட்கோ', 'டெடா' என்று எழுதிய ஆவணம் வந்தால் அது பழையது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2024-இல் மின் வாரிய நிறுவனங்கள் பிரிக்கப்பட்டு, விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்கும் போய்விட்டன.

*சட்ட வரம்பு.* 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். 2 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரே வேலையைத் துண்டு துண்டாக்கி வரம்புக்குள் கொண்டுவருவது தணிக்கைத் தடைக்கு நேர்வழி.

*இரண்டு கவர்.* தொழில்நுட்பக் கவர் தனி, விலைக் கவர் தனி. தகுதி நிபந்தனையைத் தேவைக்கு மேல் இறுக்காதீர்கள். 10 கிலோவாட் வேலைக்குப் பல கோடி ரூபாய் வருமானக் கணக்குக் கேட்டால், யாரோ ஒருவருக்காக எழுதியது என்று ஊரே சொல்லும். அதற்குப் பதிலாக, முன்பு செய்த இரண்டு இடங்களில் ஓராண்டுக்குக் குறையாமல் ஓடிய மீட்டர் கணக்கைக் கேளுங்கள். வேலை முடித்த சான்று எல்லோரிடமும் இருக்கும். ஓடிய கணக்கு சிலரிடம்தான் இருக்கும்.

*பொருள் விவரம்.* பிராண்டு பெயர் எழுதாமல் தரக் குறியீட்டை எழுதுங்கள்.

- பேனல்: மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் அங்கீகரிக்கப்பட்ட மாடல் பட்டியலில் இருக்க வேண்டும். ஐ.இ.சி. 61215, 61730 சான்றுகள் தேவை. கடலோர ஊரென்றால் உப்புக்காற்றுக்கான 61701, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை சூழ்ந்த ஊரென்றால் அம்மோனியாவுக்கான 62716 ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.
- இன்வெர்ட்டர்: ஐ.எஸ். 16221, ஐ.எஸ். 16169.
- தாங்கி: துத்தநாகம் தோய்த்த இரும்பு, காற்றுச் சுமை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி. அந்த விதித்தொகுப்பில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். கோவையில் போட்ட தாங்கியின் வரைபடத்தை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த பாதை அது.
- எர்த் குழி: பேனல் பக்கத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று.

*யூனிட் உத்தரவாதம்.* ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று எண்ணில் எழுதுங்கள். 10 கிலோவாட்டுக்கு 13,000 யூனிட் என்று வைத்து, 11,500 தான் வந்தது என்றால், குறைந்த 1,500 யூனிட்டுக்கு அந்த இணைப்பின் கட்டண வீதத்தில் பிடித்தம் செய்யலாம். ஈபி லைன் இல்லாத நேரத்தைக் கழித்துக்கொள்ள ஒப்பந்ததாரருக்கு உரிமை கொடுங்கள். பேனல் ஆண்டுக்கு ஆண்டு சிறிது தேய்வதால் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எண்ணைச் சற்றுக் குறைத்து எழுதுவதும் நியாயம்.

*பணம் கொடுக்கும் படிகள்.* 5 லட்ச ரூபாய் வேலைக்கு நான் எழுதுவது இப்படி:

1. பொருள் வந்து சரிபார்த்ததும் 2,50,000.
2. ஈபி மீட்டர் பொருத்தி ஓடத் தொடங்கியதும் 1,50,000.
3. மூன்று மாத யூனிட் கணக்கைப் பார்த்த பிறகு 50,000.
4. மீதி 50,000-ஐ ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 10,000 வீதம்.

நிதியாண்டு முடிந்தால் பணம் திரும்பிப் போய்விடும் திட்டமென்றால் நான்காவது படி நடக்காது. அப்போது அதே தொகைக்கு ஐந்தாண்டு வங்கி உத்தரவாதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*வரி.* விலையை ஜி.எஸ்.டி. இல்லாமல் தனியாகவும், வரியைத் தனியாகவும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருள்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரியோடு சேர்த்து ஒரே தொகையாக ஒப்பந்தம் போட்டவர்கள் அந்தக் குறைவைக் கேட்டு வாங்கச் சிரமப்பட வேண்டியிருக்கும்.

படி 7: கவர் பிரிக்கும் நாள்

தகுதியுள்ளவர்களில் குறைந்த விலைக்காரரிடம் மட்டுமே விலை பேசலாம். இரண்டாமவரைக் கூப்பிட்டுப் பேரம் பேசக் கூடாது. எஸ்டிமேட்டைவிட மிகக் குறைவாக விலை வந்தால் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். பேனல், இன்வெர்ட்டர், தாங்கி, பராமரிப்பு என்று விலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பொதுவாகத் தாங்கியிலும் பராமரிப்பிலும்தான் கை வைத்திருப்பார்கள்.

படி 8: வேலை நடக்கும்போது

540 வாட் பேனல் ஒன்று 28 சதுர அடி பரப்பும் சுமார் 28 கிலோ எடையும் உள்ளது. காற்றில் அது பாய்மரம். ஆடி மாதத்தில் பேனல் ஏற்றும் வேலையை வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் காற்று எழும் முன் காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். ஏணியில் தோளில் சுமந்து ஏற்றுவதை நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பெல்ட், கயிறு, தலைக்கவசம் மூன்றும் இல்லாமல் ஆள் ஏறக் கூடாது. பள்ளியென்றால் விடுமுறை நாளில் மட்டும் வேலை. முடிந்த பிறகும் மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி தலைமை ஆசிரியரிடம்.

எச்சரிக்கை: இத்தகைய ஒரு பேனலின் திறந்த சுற்று அழுத்தம் ஏறத்தாழ 49 வோல்ட். பத்துப் பேனலை வரிசையாக இணைத்தால் 490. மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் இந்த அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். டி.சி. என்பதால் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி எளிதில் அணையாது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் 'சும்மா கழற்றிப் பார்க்கிறேன்' என்று கை வைக்கக் கூடாது. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாடிக் கதவிலும் இன்வெர்ட்டர் பக்கத்திலும் ஒட்டுங்கள்.

படி 9: ஒப்புக்கொள்வதற்கு முன்

எம்-புக்கில் பதிவதற்கு முன் பொறியாளரோடு நீங்களும் மாடியில் நில்லுங்கள்.

1. ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் தொழிற்சாலைச் சோதனை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பொருள் வந்து தரையில் இருக்கும்போதே ஒருமுறை, மேலே பொருத்திய பிறகு ஒருமுறை.
2. ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் அளக்கச் சொல்லுங்கள். சமமான வரிசைகளில் ஒன்று மட்டும் 50 வோல்ட் குறைந்தால் ஒரு பேனல் இணைப்பில் இல்லை.
3. மெகர் (மின்காப்பு) சோதனை, எர்த் சோதனை இரண்டும் உங்கள் கண் முன்னால். எர்த் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும்.
4. ஈபி மெயினை இறக்குங்கள். இரண்டு வினாடிக்குள் இன்வெர்ட்டர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கே ஆளை வரச் சொல்லுங்கள்.
5. மொபைல் செயலியின் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும். அலுவலக மின்னஞ்சலுக்கு மாற்றிக் கடவுச்சொல்லைப் பதிவேட்டில் எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இருவழி மீட்டர் வருவதற்கு முன்பே 'சும்மா ஓட்டிப் பார்க்கலாம்' என்பார்கள். விடாதீர்கள். பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகக் கூட்டிவிடும். திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்திருந்தாலும் மீட்டர் வரும்வரை பொறுங்கள்.

படி 10: ஓடத் தொடங்கிய பிறகு

துடைப்பது ஒப்பந்ததாரர் வேலை, மாதம் இரண்டு முறை என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தூய்மைக் காவலரை வாளியோடு மாடிக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் வேண்டாம். வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? கழுவுவது சூரியன் ஏறுவதற்கு முன்னால். உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது. உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் காயவிடாமல் துணியால் வழித்தெடுக்க வேண்டும், இல்லையேல் வெள்ளைப் படலம் படிந்து தூசியைவிட மோசமாகும்.

அலுவலகத்தில் ஒரு நோட்டு வையுங்கள். தினமும் மாலை 5 மணிக்கு இன்வெர்ட்டரில் தெரியும் அன்றைய யூனிட், வானிலை, குறிப்பு என்று மூன்று கட்டம் போதும். 10 கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாளில் 40 யூனிட் பக்கம் இருக்கும். மேகமில்லாமல் மூன்று நாள் தொடர்ந்து 28-க்குக் கீழே வந்தால் முதலில் தூசி, பிறகு வளர்ந்துவிட்ட மரக்கிளை, அதற்குப் பிறகு ஃபியூஸ் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். யூனிட் உத்தரவாதத்தில் பிடித்தம் செய்யும் நாள் வந்தால் மீட்டர் கணக்குக்குத் துணையாக இந்த நோட்டும் நிற்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே தாங்கியின் போல்ட்டுகளை இறுக்கச் சொல்லி, டி.சி. சுவிட்சை அணைத்து வையுங்கள். புயல் கடந்த பின் உடைந்த பேனலைக் கையால் தொடக் கூடாது. உடைந்ததிலும் மின்சாரம் இருக்கும்.

நான்காம் ஆண்டு முடிந்ததும் இன்வெர்ட்டரின் உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்தாண்டோடு முடிவதானால், அதை நீட்டிக்க உற்பத்தியாளர் கேட்கும் தொகையையும், அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான மதிப்பீட்டையும் வரும் பட்ஜெட் கூட்டத்திலேயே பொருளாக வைத்துவிடுங்கள்.